நாலு சில்லுக்கும் பிரேக்

மடவளையில் வாப்பா தொடங்கிவைத்த சாமான் வியாபாரத்தை, அவர் மௌத்தான பிறகு நானும் தங்கையின் கணவரும் சேர்ந்து நடத்தினோம். கண்டியில் அரிசி, பருப்பு, கருவாடு, வெங்காயம், மண்ணெண்ணெய் என்று மொத்தமாக எடுத்து, வத்தேகம வழியே பன்வில வரையுள்ள தோட்டத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவோம். திரும்பும்போது மிளகு, பாக்கு, கொக்கோ என்று கிடைத்ததை ஏற்றி வருவோம். கொள்முதலையும் கடையையும் நான் பார்த்தேன். வண்டில்களையும் மாடுகளையும் பாதையையும் மச்சான் பார்த்தார். அவர் எனக்கு மச்சான் என்றால் நானும் அவருக்கு மச்சான்தான். வாழ்நாள் முழுவதும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம்.

எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகு அவர் தங்கையோடு, நான் பிறந்து வளர்ந்த வீட்டுக்கே வந்துவிட்டார். நான் என் மனைவி வீட்டில், இரண்டு வளவு தள்ளி. ஆனாலும் பின்நேரத் தேத்தண்ணி எனக்குத் தங்கை வீட்டில்தான். வியாபாரத்தில் எடுத்த முடிவுகள் எல்லாம் அந்தத் தேத்தண்ணிக் கோப்பைகளுக்கு நடுவில் எடுத்தவைதான்.

நாங்கள் லொறி வாங்கியதற்குக் காரணம் ஒரு விபத்து. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பிற்பாதியில் ஒரு மழைக்காலம். பன்விலயிலிருந்து இறங்கும் பாதையில் ஒரு நீண்ட சரிவு இருக்கிறது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலைப் பள்ளம். மிளகு மூட்டைகளோடு இறங்கிய எங்கள் வண்டிலின் பிரேக் கட்டை மழையில் ஊறி வழுக்கிவிட்டது. வண்டில் மாடுகளைத் தள்ளிக்கொண்டு ஓடத் தொடங்கியது. வேறு யாராக இருந்தாலும் குதித்து ஒதுங்கியிருப்பார்கள். மச்சான் குதித்தார், ஒதுங்கவில்லை. பாதையோரத்தில் கிடந்த கல்லொன்றைத் தூக்கி, சுழன்றுவந்த சில்லுக்கு முன்னால் போட்டார். வண்டில் நின்றது. கல்லிலிருந்து கையை எடுக்கத்தான் சற்றுப் பிந்திவிட்டது.

மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மச்சானின் வலது கை நசுங்கிவிட்டது. கையை எடுத்துவிட வேண்டி வருமோ என்று பயந்துகொண்டே கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்தவர்கள் எடுக்காமல் காப்பாற்றிக் கொடுத்தார்கள். முழங்கை மட்டும் மடங்கியபடியே நின்றுவிட்டது. விரல்களால் பிடிக்கலாம், எழுதலாம், சோறு பிசைந்து உண்ணலாம். ஓங்கி எதையும் செய்ய ஏலாது. அதை அவர் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சட்டையின் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, எதையும் இடது கையால் எடுக்கப் பழகிக்கொண்டார். யாராவது இரக்கப்பட்டு ஒரு மூட்டையை அவரிடமிருந்து வாங்கினால் அன்றைக்கு முழுவதும் அவர் பேசமாட்டார்.

அந்த வருடங்களில் பாதையில் லொறிகள் கூடிக்கொண்டே வந்தன. எங்கள் வண்டில் போய்ச் சேருவதற்குள் கண்டி லொறிக்காரர் இறக்கிவிட்டுத் திரும்பியும் விடுவார். பன்விலயில் எங்களிடம் சாமான் எடுத்துவந்த கடைக்காரர் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர், நல்ல மனிதர். ஒரு நாள் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"முதலாளி, லொறிக்காரவங்க வந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒங்க ஐயா காலத்துப் பழக்கத்துக்காக நாங்க காத்துக்கிட்டு இருக்கோம். ஆனா தோட்டத்து லயத்து வீட்டுல அரிசி தீந்துபோச்சுன்னு வந்து நிக்கிறவங்கள வண்டில் வரட்டும்னு எத்தன தடவ திருப்பி அனுப்புறது? நீங்களும் ஒண்ணு வாங்குங்க. அதுவரைக்கும் நான் வேற ஆள்கிட்ட போகமாட்டேன்."

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நன்றி சொல்ல வேண்டியவர்களில் அவரை முதலில் வைக்கிறேன்.

ஒரு சோடி மாட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விற்றோம். கையிலிருந்ததையும் சேர்த்துக்கொண்டு, நானும் மச்சானும் ஒரு காலை கண்டிக்கு லொறி பார்க்கப் போனோம். மச்சான் அதற்குள் மோட்டார் ஓட்டப் பழகியிருந்தார். மடவளையில் பஸ் வைத்திருந்த எங்கள் சொந்தக்காரர்கள் வேலை இல்லாத நேரங்களில் அவரை ஓட்டவிட்டிருந்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடிக்க அவருடைய மடங்கிய கை போதும். கியர் மாற்றுவது இடது கையால். காலிரண்டும் நன்றாக இருந்தன. பஸ் இஞ்சினை ஹேண்டில் அடித்துக் கிளப்புவதை மட்டும் வேறு யாராவது செய்துகொடுப்பார்கள்.

கண்டியில் அப்போது லொறி விற்றவர்களில் இரண்டு கம்பனிகளைத்தான் எங்கள் கையிருப்பு எட்டியது. ஒன்று ஏரிக்குக் கிட்ட, மற்றது ஸ்டேஷன் பக்கம்.

ஏரிக்கரைக் கம்பனியில் லொறிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரே இஞ்சின், ஒரே நீளம், ஆனால் மூன்று தரம். கடைசித் தரத்தில் கதவு இல்லை, தலைக்கு மேலே கித்தான் துணி, எண்ணெய் லாம்பு, முன்னால் நுழைத்துச் சுழற்றும் இரும்பு ஹேண்டில். நடுத்தரத்தில் அரைக்கதவு, மின்சார லாம்பு, காலால் மிதித்தால் இஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர். முதல் தரம் அறை மாதிரி முழுக்க மூடியது. ஏற்றி இறக்கும் கண்ணாடி யன்னல், தோல் சீட், மழையைத் துடைக்கக் கையால் ஆட்டும் துடைப்பான். நான் நடுத்தர லொறியில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டரை மிதித்துப் பார்த்தேன். ஒரே மிதியில் இஞ்சின் எழும்பியது. என் மனம் அங்கேயே முடிவெடுத்துவிட்டது. எங்கள் கையிருப்புக்கும் அது சரியாக வந்தது.

மச்சான் ஏறவே இல்லை. சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, குந்தி லொறிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரேக் எங்கெங்க ஈக்குது?" என்று கேட்டார்.

"பின் சில்லு ரெண்டுக்கும் இருக்கு. உலகம் பூரா அப்படித்தான்" என்றார் கோட்டுக்காரர்.

மச்சான் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "மற்றதையும் பார்ப்போம் மச்சான்."

ஸ்டேஷன் பக்கத்துக் கம்பனியில் கண்ணாடி எல்லாம் இல்லை. மேசையும் கணக்குப் புத்தகங்களுமாக ஒரு கந்தோர், பின்னால் ஒரு முற்றம். எங்களை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து மனிதர், அங்கே கிளாக்கராக இருந்தார். வெள்ளை உடுப்பு, நெற்றியில் விபூதி. "வாங்கோ, இருங்கோ" என்று கதிரைகளைத் துடைத்துப் போட்டார். அவர்களுடைய லொறிக்கு நாலு சில்லுக்கும் பிரேக் இருந்தது. பின்பக்கம் இரட்டை டயர். மச்சான் அதற்கடியிலும் குந்திப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் மலர எழும்பினார். ஆனால் அங்கே இருந்தது இரண்டு தரம்தான். கீழ்த்தரத்துக்கு ஹேண்டில் மட்டும். ஸ்டார்ட்டர் வேண்டுமென்றால் மூடிய அறையும் கண்ணாடியும் உள்ள மேல்தரத்தை எடுக்க வேண்டும். அது எங்கள் கைக்கு எட்டாது.

ஆக, ஒரு கம்பனியில் ஸ்டார்ட்டர் உண்டு, முன் பிரேக் இல்லை. மற்றதில் பிரேக் உண்டு, ஸ்டார்ட்டர் இல்லை. இரண்டு கம்பனியும் கொடுத்த படப் புத்தகங்களைக் கையில் சுருட்டிக்கொண்டு மடவளைக்குத் திரும்பினோம்.

அன்று பின்நேரம் தங்கை வீட்டுப் பாயில் இரண்டு புத்தகத்தையும் விரித்து வைத்துக்கொண்டோம். எனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில் நான் வாசித்து வாசித்துச் சொன்னேன். தங்கை பக்கத்தில் குந்தியிருந்து படம் பார்த்தாள்.

"ஏரிக்கரையில பார்த்ததையே எடுப்போம்" என்றேன். "மின்சார லாம்பு ஈக்குது, அரைக்கதவு ஈக்குது. காலால மிதிச்சா கெளம்புது."

"கெளம்புறது பெரிய காரியமா மச்சான்?" என்றார் அவர். "லொறி கெளம்பாட்டி வீட்டுல ஈக்கும். நிக்காட்டி எங்க ஈக்கும் எண்டு எனக்குத் தெரியும்."

அந்தச் சரிவு என்னைவிட அவருக்குத்தான் தெரியும். ஆனால் என் கண் அவருடைய சட்டைக் கையின் மேலேயே இருந்தது.

"ஒவ்வொரு நாளும் ஹேண்டில் அடிக்கிறது ஆரு?"

"நீங்க ஈக்கிறீங்க தானே."

"நான் கடையில ஈப்பேன். பன்விலயில வச்சி இஞ்சின் நிண்டு பொய்த்தா?"

"ஆராவது அடிப்பாங்க. இல்லாட்டி நான் அடிப்பேன்."

அவர் சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். தங்கை இரண்டு புத்தகத்தையும் மடித்து எடுத்து அலுமாரியில் வைத்துவிட்டு, "தேத்தண்ணி ஆறுது, குடிங்க ரெண்டு பேரும்" என்றாள். நான் புறப்படும்போது வாசற்படலை வரைக்கும் வந்தாள். அண்ணனை நானா என்றுதான் எங்கள் பக்கம் கூப்பிடுவது.

"நானா, அவருக்கு ஸ்டார்ட்டர் ஈக்கிறதுதான் வேணும். ஆனா கைக்காக எண்டு மட்டும் செல்லிப் போடாதீங்க. அவரு மாட்டு வண்டிலோடயே நிண்டுடுவாரு."

"வேற என்னத்தைச் செல்லுறது?"

"அது எனக்கும் தெரியா" என்றாள்.

இப்படியே ஒரு வாரத்துக்கு மேல் போனது. நான் ஸ்டார்ட்டர் என்பேன், அவர் பிரேக் என்பார். நான் அவருடைய கையை நினைத்துக்கொண்டு லாம்பைப் பற்றிப் பேசுவேன். பிரேக் என்று அவர் பிடிவாதம் பிடித்ததும் தனக்காக மட்டும் அல்ல என்று தங்கை பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. லொறியில் பக்கத்தில் நானும் உட்கார்ந்து வருவேன் என்பதுதான் அவருக்குப் பயம். "எனக்குக் கை போனது போதும், மச்சானுக்கு ஒண்டும் ஆவப்படா" என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்.

ஸ்டேஷன் பக்கத்துக் கம்பனிக்கு இன்னொரு தடவை போவோம் என்று அவர்தான் கேட்டார். போனோம். கிளாக்கர் எங்களை மறக்கவில்லை. கீழ்த்தர லொறியொன்றை முற்றத்துக்கு எடுத்துவைத்திருந்தார்கள். அவர் அதைக் கிளப்பிக் காட்ட ஆள் கூப்பிடப் போனபோது மச்சான் முந்திக்கொண்டார்.

"ஹேண்டிலைத் தாங்க. நான் அடிச்சிப் பார்க்கிறேன்."

தடுத்தால் மானம் போகும், தடுக்காவிட்டால் கை போகும். மச்சான் ஹேண்டிலை முன்னால் நுழைத்து, இடது கையால் பிடித்து, உடம்பு முழுவதையும் கொடுத்து ஒரு சுற்றுச் சுற்றினார். இஞ்சின் இருமியது. மறுபடி சுற்றினார். அப்போது இஞ்சின் பின்னுக்கு உதைத்தது. ஹேண்டில் அவருடைய பிடியிலிருந்து திமிறி எதிர்ப்பக்கமாகச் சுழன்று மணிக்கட்டில் அடித்தது. மச்சான் மண்ணில் முழங்கால் குத்தி விழுந்தார். தலையிலிருந்த தொப்பி உருண்டுபோய் டயரடியில் கிடந்தது.

நான் ஓடுவதற்குள் கிளாக்கர் ஓடிவிட்டார். ஆனால் அவர் மச்சானைத் தூக்கப் போகவில்லை. தொப்பியை எடுத்து, தூசு தட்டி, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார். மச்சான் அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு தானாகவே எழும்பினார்.

"இந்தச் சனியன் ஒருத்தரையும் விடாது" என்றார் கிளாக்கர். "என்ர பெருவிரலைப் பாருங்கோ. போன வருசம் இதே மாதிரித்தான் உதைச்சது. ஒரு மாசம் பேனை பிடிக்கேலாமல் கிடந்தனான்." பெருவிரல் உண்மையாகவே ஒரு பக்கம் கோணியிருந்தது.

மூவரும் கந்தோருக்குள் போய் உட்கார்ந்தோம். அவர் தேத்தண்ணிக்குச் சொல்லிவிட்டார். மச்சானின் மணிக்கட்டு வீங்கிக்கொண்டு வந்தது, எலும்புக்கு ஒன்றுமில்லை. அவர் தரையைப் பார்த்தபடி இருந்தார். கிளாக்கர் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீங்கள் எந்தப் பாதையில ஓடப்போறியள்?" என்று கேட்டார்.

"பன்வில" என்றார் மச்சான்.

"ஓ, அந்தப் பாதையோ. ஒரு தோட்டத்துத் துரைக்குக் கார் ஒண்டு குடுக்க அங்கால போனனான். சரியான ஏத்தம். ஒண்டு கேக்கிறன், குறை நினையாதேங்கோ. பாரத்தோட அந்த ஏத்தத்தில ஏறுறியள். நடுவில இஞ்சின் நிண்டு போச்சு. என்ன செய்வியள்?"

"பிரேக்கை மிதிச்சிட்டு ஈப்பேன்."

"ஓம். மிதிச்சுக்கொண்டு இருப்பியள். அப்ப இறங்கி ஹேண்டில் அடிக்கிறது ஆர்?"

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். "கைப் பிரேக் ஒண்டு ஈக்கே."

"இருக்கு. மழை, முழுப் பாரம், அந்த ஏத்தம். கைப் பிரேக்கை நம்பிக் காலை எடுத்துப்போட்டு இறங்கி, லொறிக்கு முன்னால போய் நிப்பியளோ?"

மச்சானின் கண்முன்னால் அந்தச் சரிவு வந்திருக்க வேண்டும்.

"நிக்க மாட்டேன்" என்றார் கடைசியில். "ஒரு நாளும் நிக்க மாட்டேன்."

"அப்ப அந்தப் பாதையில ஓடுறவனுக்கு ஸ்டார்ட்டரும் ஒரு பிரேக்தான். பிரேக்கில இருக்கிற காலை எடுக்காமல் மற்றக் காலால இஞ்சினை எழுப்பலாம். ஆர் ஓடினாலும் அதுதான் கதை. விளங்குதோ?"

மச்சான் என் பக்கம் திரும்பினார். முகத்தில் வாட்டம் இல்லை. "அவரு செல்றது சரி மச்சான். ஸ்டார்ட்டரும் வேணும்."

பத்து நாளாக நான் தேடியும் கிடைக்காத வார்த்தையை அந்த மனிதர் ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். அதுவும் பொய் இல்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை.

"ஆனா மேல்தரம் எங்களுக்கு எட்டாதே" என்றேன் நான்.

அவர் படப் புத்தகத்தை எடுத்து எங்கள் பக்கம் திருப்பிவைத்தார். "மேல்தரத்தில நீங்கள் விலை குடுக்கிறது ஸ்டார்ட்டருக்கு மட்டும் இல்லை. இந்தக் கண்ணாடிக்கு, இந்தத் தோல் சீற்றுக்கு, இந்தக் கதவுக்கு. அது எல்லாம் உங்களுக்கு வேணுமோ? வேண்டாமெண்டால் விட்டிடுவம். இஞ்சின், சட்டம், சில்லு, பிரேக், இவ்வளவும் உள்ள வெறும் செசியா எடுங்கோ. அதில ஸ்டார்ட்டரைப் பூட்டித் தரச்சொல்லிக் கொழும்புக்கு எழுதிக் கேக்கிறன். மேல்பெட்டியை இஞ்சை ஒரு தச்சுப் பாஸைப் பிடிச்சுப் பலகையில அடிப்பியுங்கோ. உங்கட விருப்பத்துக்கு அடிக்கலாம்."

அப்படி வாங்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது. கொழும்பிலிருந்து முதலில் முடியாது என்றுதான் பதில் வந்ததாம். அவர் விடாமல் மறுபடி எழுதி ஒப்புக்கொள்ள வைத்தார். அதிலே அவருக்கு இலாபம் கூடுதலாக இருந்திருக்க முடியாது, குறைந்துதான் இருக்கும்.

செசியை எடுத்துவந்த நாள் எனக்கு இன்றும் நல்ல நினைவு. இஞ்சின் மூடி, ஸ்டியரிங், நீளமான இரண்டு இரும்புச் சட்டம், சில்லுகள், அவ்வளவுதான். உட்கார இடமில்லை. சட்டத்தின் மேல் பலகை போட்டு, அதன் மேல் மண்ணெண்ணெய்ப் பெட்டி இரண்டைக் கயிற்றால் கட்டி, ஒன்றில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மச்சானும் ஒன்றில் நானும் உட்கார்ந்தோம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. நான் ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவருடைய தலைக்குக் குடை பிடித்தேன். காற்று குடையை மடக்கிப் பின்னுக்கு இழுத்தது. பாலத்தில் நின்றவர்கள் கையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருவர் சிங்களத்தில் "மீதி எங்கே விழுந்தது?" என்று கத்தினார். "பின்னால வருது!" என்று மச்சானும் சிங்களத்திலேயே கத்திப் பதில் சொல்லிவிட்டு, விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

வீட்டு வாசலில் தங்கை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"எலும்பை மட்டும் கொண்டாந்திருக்கீங்க. எறச்சி எங்க?"

"எறச்சியை நீயே செல்லு, எப்படி வேணும் எண்டு" என்றார் மச்சான்.

அவர் வேடிக்கைக்குச் சொன்னார். அவள் நிசமாகவே சொன்னாள். முன்னால் மூன்று பேர் உட்காரும் அகலம் வேண்டும். மழைக்கு மூடும் கதவு வேண்டும். பெண்கள் ஏறினால் இழுத்துவிட ஒரு திரை வேண்டும். ஏறுவதற்கு உயரம் குறைந்த ஒரு படி வேண்டும். "நீங்க ரெண்டு பேரும் மோட்டார்ல போங்க, நான் மட்டும் மாட்டு வண்டில்லயா கண்டிக்குப் போற?" என்று கேட்டாள்.

பெட்டி அடித்துத் தந்தவர் பிலிமத்தலாவையில் வண்டில் செய்துகொண்டிருந்த ஒரு சிங்கள பாஸ். லொறிக்குப் பெட்டி அடிப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை, எங்களுக்கும் அப்படியே. தளத்துக்குப் பலாப் பலகை. பின் பலகை கீழே மடிந்து சாய்ந்து நிற்கும்படி செய்துதரச் சொன்னார் மச்சான். மூட்டையைத் தூக்காமல் சறுக்கி இறக்கலாம். படியும் திரையும் தங்கை சொன்னபடியே. பாஸ் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். கேட்காமலே கதவின் வெளிப்பக்கத்தில் ஒரு தாமரைப் பூவைச் செதுக்கிவிட்டிருந்தார். எங்களுக்கு அது பிடித்துப்போனது. அப்படியே விட்டுவிட்டோம்.

பாரம் ஏற்றி ஓடுவதற்கான லைசன் எடுக்கும் நாளில் எனக்கிருந்த பயம் மச்சானுக்கு இருக்கவில்லை. கையைப் பார்த்துவிட்டு மறுத்துவிடுவார்களோ என்று நான் நினைத்தேன். சோதித்த அதிகாரி கண்டி ஏற்றமொன்றில் லொறியை நடுவில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, மறுபடி கிளப்பச் சொன்னார். மச்சான் காலாலேயே எல்லாவற்றையும் செய்து, ஒரு விரற்கடை கூடப் பின்னுக்கு உருளாமல் ஏறிக் காட்டினார். அதிகாரி கையைப் பற்றி ஒன்றும் கேட்காமல் லைசனுக்குக் கையெழுத்து வைத்தார்.

முதல் பாரத்தோடு பன்விலவுக்கு நானும் போனேன். வத்தேகம தாண்டி ஏற்றம் தொடங்கியதும் மழையும் தொடங்கியது. ஒரு வளைவில் எதிரே தேயிலைக் கொழுந்து மூட்டை ஏற்றிய வண்டில் வந்தது. மச்சான் ஒதுங்கி வேகத்தைக் குறைத்தார். இஞ்சின் இரண்டு தரம் குலுங்கி நின்றுவிட்டது. லொறி பின்னால் அசைந்தது. முடிந்தது என்று நினைத்து நான் கலிமா சொல்லிவிட்டேன். ஆனால் மச்சானின் கால் அதற்குள் பிரேக்கில் இருந்தது. நாலு சில்லும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. பின்னால் தேயிலைப் பள்ளம் தெரிந்தது. வண்டில்காரர் எங்களைத் தாண்டிப் போகும் வரை மச்சான் அசையாமல் இருந்தார். பிறகு ஸ்டார்ட்டரை மிதித்தார். இஞ்சின் எழும்பியது, லொறி ஏறியது. மேட்டுக்கு வந்த பிறகுதான் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நானும் சொன்னேன்.

பன்விலக் கடைக்காரர் குடையோடு தெருவுக்கே வந்துவிட்டார். மூட்டைகள் பின் பலகையில் சறுக்கி இறங்குவதைப் பார்த்துவிட்டு, "இதத்தான் முதலாளி சொன்னேன், இதத்தான் சொன்னேன்!" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். திரும்பி இறங்கும்போது மச்சான் அந்த நீண்ட சரிவின் நடுவில் லொறியை நிறுத்தினார். கீழே இறங்கி, பாதையோரத்தில் சற்று நேரம் நின்றார். நான் இறங்கவில்லை. அது அவருடைய இடம். பிறகு ஏறி உட்கார்ந்து, மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தார்.

அடுத்த மாதம் ஒரு வாழைக்குலையும் நல்ல மிளகு ஒரு பையும் எடுத்துக்கொண்டு கிளாக்கரிடம் போனோம். அவர் வாங்கக் கூச்சப்பட்டார். மச்சான் மேசையில் வைத்துவிட்டு, நின்றபடியே கேட்டார்:

"ஐயா, ஒண்டு கேக்கணும். அண்டைக்கு எண்ட கையைப் பார்த்துட்டுத்தானே அப்பிடிப் பேசினீங்க?"

"எந்தக் கையை?" என்றார் அவர். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நான் பாதையைப் பற்றித்தான் கதைச்சனான். பாதை எப்பிடி, லொறி சுகமா ஓடுதோ?"

மச்சான் தன் மடங்கிய வலது கையை நீட்டினார். கிளாக்கர் அதைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்துக்கொண்டார். வெளியே வந்த பிறகு மச்சான் சொன்னார், "நல்ல மனுசன். அல்லா அவரைச் சுகமா வைக்கோணும்." அதற்குப் பிறகு அவர் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொள்வதை நான் அவ்வளவாகக் கண்டதில்லை.

முப்பதுகளின் தொடக்கத்தில் தேயிலைக்கு விலை இல்லாமல் போனது. தோட்டங்களில் வேலை குறைந்தது. பலர் லயத்து வீடுகளைவிட்டு இந்தியாவுக்குத் திரும்பினார்கள். கடைகள் வாங்குவது பாதியாகக் குறைந்து, எங்கள் லொறி பன்விலயிலிருந்து வெறுமையாகத் திரும்பும் நாட்கள் வந்தன. அப்படி ஒரு நாள் கடைக்காரர் மச்சானிடம் கேட்டார், ஸ்டேஷனுக்குப் போகவேண்டிய ஒரு குடும்பம் இருக்கிறது, தகரப் பெட்டியோடு நடந்து போகப் பார்க்கிறார்கள், ஏற்றிக்கொள்ள முடியுமா என்று. மச்சான் கூலி பேசவில்லை. அன்றிலிருந்து போகிறவர்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டார். பெட்டிகள் பின்னால், ஆண்கள் பெட்டிகளுக்கு மேல், பிள்ளைகளோடு பெண்கள் முன்னால். இந்தப் பாதையில் வெறுமையாக வருவதைவிட ஆட்களோடு வருவது நல்லது என்று மட்டும் சொன்னார்.

ஒரு தடவை நானும் கூட இருந்தேன். ஸ்டேஷனில் இறங்கியதும், முன்னால் கைக்குழந்தையோடு உட்கார்ந்துவந்த ஓர் இளம் பெண்ணின் கணவர் மச்சானிடம் வந்து கும்பிட்டார்.

"முதலாளி, இத்தன வருசம் தோட்டத்துல இருந்தோம். மோட்டார்ல முன்னுக்கு ஒக்காந்து போனதே கெடையாது. இன்னைக்கு எம் பொண்டாட்டி துரைசாணி மாதிரி வந்தா. புள்ள நனையவே இல்ல. நாங்க மறக்கமாட்டோம்."

"பத்திரமா போய்ச் சேருங்க" என்றார் மச்சான். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இனிப்புப் பணிஸ் ரொட்டி கொஞ்சம் வாங்கித் தாளில் சுற்றிப் பிள்ளைக்கென்று கொடுத்தார். உடனே திரும்பலாம் என்று நான் நினைத்தேன். அவர் ரயில் புறப்படும் வரை நின்றார். அந்தப் பெண் யன்னலால் பிள்ளையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். மச்சானும் வலது கையை உயர்த்தினார், மடங்கிய முழங்கை விட்ட அளவுக்கு. பிறகு நாங்கள் லொறியில் ஏறி வீட்டுக்கு வந்தோம்.